வயலைத் தின்ற திடல்

காத்தாயி அத்தை எங்கள் அடுப்பை உடைத்தபோது அதற்குள் நெருப்பு இன்னும் அணைந்திருக்கவில்லை.

காலைக் கஞ்சியை அப்போதுதான் இறக்கி வைத்திருந்தேன். உலக்கையோடு வந்தார். "நவுருடி" என்றார். ஒரே போடு. அடுப்பு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டது. கங்கு நாலா பக்கமும் சிதறியது.

"ஏன் அத்தை?"

"பாரு அத. வாய் கோணி, கரி புடிச்சு, ஒரு பக்கம் சரிஞ்சு கெடக்கு. தாசில்தார் வந்து பாத்தா நம்மளப் பத்தி என்னா நெனப்பாரு?"

காத்தாயி அத்தை என் மாமியார். சுத்தத்தில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. உடைத்த இடத்தைச் சாணி போட்டு மெழுகினார். மெழுகியது பளபளவென்று வந்ததும் அவருக்குக் கை நிற்கவில்லை. வீட்டுக்குள் மெழுகினார், வாசலை மெழுகினார், வாசலுக்கு வெளியே வந்து மெழுகிக்கொண்டே போனார். பக்கத்து வீட்டு அஞ்சலை இதைப் பார்த்தாள். அவள் சும்மா இருப்பாளா? தன் அடுப்பையும் உடைத்தாள். நண்பகலுக்குள் திடல் முழுக்க ஒரு அடுப்பு மிச்சமில்லை. மேடு பூராவும் பச்சைச் சாணி மணக்க, கன்னத்தை வைத்துத் தூங்கலாம் போல இருந்தது.

அன்று பிற்பகல்தான் தாசில்தார் வருவதாக இருந்தது. நாங்கள் குடியிருக்கும் இந்தத் திடல் எங்களுக்கா, பண்ணைக்கா என்று பார்த்து முடிவு சொல்ல வருகிறார். முடிவு பண்ணைப் பக்கம் போனால் நாங்கள் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எங்கே கிளம்புவது என்று யாருக்கும் தெரியாது. சுற்றிலும் வயல். வயல் அத்தனையும் பண்ணையுடையது.

பஸ்ஸில் பார்த்த மலை

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். திடல் திடல் என்று வாராவாரம் எழுதுகிறேனே, அது என்னவென்று தெரியாமலே படிக்கிறவர்கள் உண்டாம். போன வாரம் நீடாமங்கலத்தில் பஸ் ஏறியபோது பக்கத்தில் உட்கார்ந்த டீச்சர் பெண் சொன்னது.

அந்தப் பெண்ணின் மடியில் ஒரு பாடப் புத்தகம் விரித்தபடி இருந்தது. அதில் ஒரு படம். கடலுக்கு நடுவில் ஒற்றை மலை. உச்சியில் புகை. நான் மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பிறந்தது வேதாரண்யம் பக்கம், உப்பளத்து ஊர். வாழ்க்கைப்பட்டது இந்த நெல் சீமை. அங்கேயும் தட்டை, இங்கேயும் தட்டை. ஆகவே ஆசையாக எட்டிப் பார்த்தேன்.

"இது தீ கக்கி வளந்த மலைங்கம்மா" என்றாள் அந்தப் பெண். "உள்ளேருந்து சாம்பலும் குழம்புமா வந்து கொட்டிக் கொட்டி, கடலுக்கு மேல தலையத் தூக்கிருக்கு. சாம்பல் மண்ணுல வெள்ளாமை நல்லா வருமாம். அதனால மேல காடு, இடுப்புல தோட்டம், அடியில ஊருன்னு சனங்க வகுத்து வச்சிருக்காங்க."

"அப்ப எங்க திடலும் அதே சாதிதான் தங்கச்சி" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் சொன்னேன்.

எங்கள் சீமையில் தண்ணீர் போகாத இடம் என்று ஒன்று இருந்தால் அது திடல்தான். வயலுக்கு நடுவே கொஞ்சம் உயர்ந்து நிற்கும் நிலம். கோடையில் பார்த்தால் ஒரு மேடு, அவ்வளவுதான். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் சுற்றிலும் வெள்ளம் நின்று அது தீவாகிவிடும். அப்போது நாங்கள் மட்டுமா ஏறுவோம்? எலி ஏறும், பாம்பு ஏறும், நண்டு ஏறும். எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கி, ஒருத்தர் வழிக்கு ஒருத்தர் போகாமல் தை மாதம் வரை ஓட்டுவோம்.

சின்ன இடம்தான். ஆனால் ஒரு அடி வீண் கிடையாது. உச்சியில் ஒரு பூவரசு, அதன் அடியில் எங்கள் சாமி பெரியாச்சி. அதைச் சுற்றி வீடுகள். மேற்கே காற்றுக்கு எதிராகப் பனை வரிசை. வடக்குச் சரிவில் வைக்கோல் போரும் ஆடுகளும். தெற்கே தண்ணீர்க் குட்டை. ஆதியில் மேட்டுக்கு மண் வெட்டிய பள்ளம் அது. வாத்து மேயும், விரால் கிடக்கும், கரையில் சேம்பு. கிழக்குச் சரிவுதான் தோட்டம். கத்திரி, பூசணி, முருங்கை. கிழக்குச் சரிவில் பூசணி விட்டால் ஒரு காயைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். காரணம், அந்தச் சரிவு முழுக்கச் சாம்பல்.

அந்தச் சாம்பலைக் கொட்டியது எந்த மலையும் இல்லை. நாங்கள்.

புது மருமகளின் முதல் வேலை

எங்கள் திடலில் ஒரு வழக்கம். வாழ்க்கைப்பட்டு வந்த பெண் மறுநாள் காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை, அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போய்த் தன் வீட்டு விளிம்பில் கொட்டி, காலால் மிதித்து அமுக்குவது. விளக்கேற்றுவது, பால் காய்ச்சுவதெல்லாம் அதற்கு அப்புறம். கொட்டி மிதித்தால்தான் அவள் திடல்காரி.

உப்பளத்து ஊரில் சாம்பலை எங்கேயாவது வீசுவோம். எனக்கு இந்த வழக்கம் தெரியாது. முறத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கைக்கு வந்த பக்கம் கொட்டிவிட்டேன். அது அஞ்சலை வீட்டு விளிம்பு.

"ஏ உப்பளத்துக்காரி" என்றாள் அஞ்சலை. "எங்க வூட்டு நெலத்த நீ எதுக்கு வளக்குற? உங்க மாமியா சொல்லி வுட்டாளா?"

அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "கொட்டுனது கொட்டுனதுதான். தருமத்துக்குப் போவட்டும் வுடு."

அன்றைக்குத் தொடங்கிய சண்டை. அஞ்சலையும் நானும் இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், சண்டையாகத்தான்.

சாம்பலை மட்டும் கொட்டினால் மழை அடித்துக்கொண்டு போய்விடும். அதற்கு முறை இருக்கிறது. ஒரு அடுக்கு சாம்பல், அதன்மேல் சித்திரையில் வாய்க்கால் தூர் எடுக்கும்போது வரும் வண்டல், உடைந்த சட்டிப் பானை, நத்தை ஓடு. அதை மிதித்து அமுக்கி மேலே அறுகம்புல் பதித்துவிட்டால் விளிம்பு இரும்பு மாதிரி நிற்கும். பிள்ளை குட்டி அதிகமான வீட்டில் அடுப்பு அதிகம் எரியும். அந்த வீட்டு விளிம்பு வயலுக்குள் தொப்பை போல நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் திடலின் ஓரத்தைச் சுற்றி நடந்தாலே எந்த வீட்டில் எவ்வளவு வாய் என்று சொல்லிவிடலாம்.

இதில் யாருக்கு வயிற்றெரிச்சல் என்றால், காரியக்காரருக்கு. பண்ணையின் நிலபுலத்தையெல்லாம் மேற்பார்வை பார்ப்பவர். பண்ணைக்குச் சொந்தக்காரரான மிராசுதார் பட்டணத்தில் இருந்ததால் எங்களுக்கு அரசாங்கமே காரியக்காரர்தான். கிழக்கு வயல் வரப்பில் நடக்கும்போதெல்லாம் நின்று, குடையை ஊன்றி, திடலை ஒரு பார்வை பார்ப்பார்.

"எங்க வயலத் தின்னுக்கிட்டே வருதுடி ஒங்க மேடு. நான் கண்ண மூடுறதுக்குள்ள ஆத்தங்கரைக்குப் போயிரும் போலருக்கு."

அந்தப் பேச்சை நடவு வயலில் சொல்வார், களத்தில் சொல்வார், டீக்கடையில் சொல்வார். கேட்க ஆள் இல்லாவிட்டால் மாட்டிடம் சொல்வார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குவோம்.

பித்தளைக் குடம் எங்கே போனது

சரி, தாசில்தார் வரவேண்டிய நாளுக்கு வருகிறேன்.

ஆட்சி மாறி, புதுச் சட்டம் வந்திருந்த சமயம். ஐப்பசி மழை பிடித்து, சுற்றிலும் வெள்ளம். குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று ரேடியோவில் சொன்னார்கள். சிவப்புத் துண்டுக்காரர்கள் வந்து எங்களால்தான் சட்டம் வந்தது என்று ஒரு கூட்டம் போட்டார்கள். கரை வேட்டிக்காரர்கள் வந்து எங்களால்தான் என்று இன்னொரு கூட்டம் போட்டார்கள். நாங்கள் இரண்டிலும் கை தட்டினோம். எங்களுக்கு மனை வந்தால் போதும்.

கூலிச் சண்டையும் நெருப்பு வைப்பும் போலீஸும் என்று கிழக்கே நடந்ததெல்லாம் எங்களுக்கும் தெரியும். எங்கள் ஊரில் அந்த அளவுக்குப் போகவில்லை. காரியக்காரர் அடிதடிக்காரர் இல்லை. அவருடைய வழி பேச்சு. திடலில் யாரும் குடியில்லை, அது பண்ணையின் நெல்லடிக்கும் களம், அறுப்புக் காலத்துக்காக நாலு கொட்டகை போட்டிருக்கிறது என்று மேலே எழுதிப் போட்டுவிட்டார். அதை விசாரிக்கத்தான் தாசில்தார்.

என் கொழுந்தன் சின்னத்தம்பி நீடாமங்கலம் டீக்கடையில் ஒரு சேதி கேட்டு வந்தான். "அண்ணி, பித்தளைச் சாமான் இருக்குற வூட்டுக்கு மனை கெடையாதாம். வசதிக்காரன்னு எழுதிருவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"டீ ஆத்துறவரே சொன்னாரு."

அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? அன்று காலை விடிந்ததும் விடியாததுமாகச் சாமான் கிளம்பியது. குடம் போயிற்று, கும்பா போயிற்று, சின்னத்தம்பியின் டிரான்சிஸ்டர் போயிற்று. ஆடு இருந்தால் வசதி, ஆட்டை ஓட்டு. கோழி இருந்தால் வசதி, கூடையில் போடு. புதுப் பாய் வசதி. கொடியில் காயும் சேலை நாலைந்தாகத் தெரிந்தால் அதுவும் வசதி. எல்லாம் வாய்க்காலுக்கு அக்கரையில் அஞ்சலையின் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டன. சாமானுக்குக் காவலாகப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் அத்தை உலக்கையோடு வந்தது.

கொஞ்ச நேரத்தில் காரியக்காரரின் ஆள் வந்தான். ஆற்றங்கரையில் உடைப்பு எடுக்கப் பார்க்கிறது, ஆண்பிள்ளைகள் எல்லோரும் மண்வெட்டியோடு வரவேண்டும் என்றான். உடைப்பு என்றால் போகாமல் இருக்க முடியுமா? போய்விட்டார்கள். அங்கே ஒரு உடைப்பும் இல்லை என்று சாயந்திரம்தான் தெரிந்தது.

வெறும் மேட்டில் ஒரு வரவேற்பு

தாசில்தார் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி தண்ணீரில் நடந்து வந்தார். பின்னாலே சங்கிலியைத் தோளில் போட்ட சர்வேயர். அவர்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு காரியக்காரர். நாங்கள் பெண்கள் மட்டும் துவைத்த சேலையும் தலையில் பூவுமாக வரிசையாக நின்றோம்.

தாசில்தார் மேலே ஏறி நின்று சுற்றிப் பார்த்தார். ஒரு கோழி இல்லை, பிள்ளை இல்லை, பானை இல்லை. குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். மெழுகிய தரை. பக்கத்துக் குடிசை. அங்கேயும் மெழுகிய தரை.

"பாத்தீங்களா சார்" என்றார் காரியக்காரர். "நான் சொன்னப்ப நம்பலியே. களம். அறுப்புக்கு மெழுகிப் போட்டாச்சு. இவங்கள்ளாம் ஊருலேருந்து வந்து நிக்கிறாங்க. நோம்புக்கு வந்த மாதிரி பூவெல்லாம் வச்சுக்கிட்டு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெல்லடிக்கும் களத்தைத்தான் எங்கள் பக்கத்தில் இப்படிச் சாணி போட்டு மெழுகி வெறுமையாக வைப்பார்கள். அத்தை காலை பூராவும் முட்டி தேய மெழுகி, எங்கள் குடியிருப்பைக் களமாக்கி வைத்திருந்தார்.

தாசில்தார் அத்தையைப் பார்த்தார். "இங்கதான் குடியிருக்கீங்களாம்மா?"

"ஆமாங்க. எங்க மாமியாருக்கு மாமியா காலத்துலேருந்துங்க."

"அடுப்பு எங்க?"

"ஒடச்சிட்டேங்க."

"ஒடச்சிட்டீங்களா? எப்ப?"

"காலையிலதாங்க."

"எதுக்கு?"

அத்தை தரையைப் பார்த்தார். "நீங்க வர்றீங்கன்னுதாங்க."

சர்வேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரியக்காரர் வாய்விட்டே சிரித்தார். "சோறு வேண்டாம்னுட்டாங்க சார் இவங்க. அடுப்பே இல்லாத குடித்தனம்."

தாசில்தார் கெட்டவர் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவதைத்தானே அவர் எழுத முடியும். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அஞ்சலை என் கையைப் பிடித்து நசுக்கினாள். சண்டைக்காரிதான், ஆனாலும் விடவில்லை. அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததே கிடையாது. அன்றைக்குப் பார்த்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

நான் கேட்ட சந்தேகம்

பெரியவர்கள் நிற்கும் இடத்தில் மருமகள் வாய் திறப்பது அப்போதெல்லாம் வழக்கமில்லை. நான் திறந்தேன். தாசில்தாரிடம் பேசவில்லை. காரியக்காரரிடம் பேசினேன், மிகவும் பணிவாக.

"ஐயா, ஒரு சந்தேகங்க. கெழக்கு வயல் கொறஞ்சு போச்சுன்னு எப்பவும் வெசனப்படுவீங்களே. அது எதனாலங்க கொறஞ்சுச்சு? பெரியவரு வந்திருக்காரு. இப்ப சொன்னாதானே ஆவும்."

காரியக்காரரின் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று. அத்தனை வருஷம் மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். கேட்பதற்கு ஒரு தாசில்தார் கிடைத்திருக்கிறார்.

"நல்ல வேளை ஞாபகப்படுத்துன புள்ள. சார், இப்படி வாங்க. வழுக்கும், பாத்து. இந்த அநியாயத்த நீங்க கண்ணால பாக்கணும்."

தாசில்தாரின் கையைப் பிடிக்காத குறையாகக் கிழக்கு விளிம்புக்கு அழைத்துப் போனார். குடை நுனியால் குத்திக் காட்டினார். ஈர மண்ணைப் பிய்த்துக்கொண்டு சாம்பல் வந்தது. கறுப்பு ஒரு வரி, வண்டல் ஒரு வரி, மறுபடி சாம்பல், நடுவில் ஓட்டாஞ்சல்லி.

"என்னா சார் இது?"

"சாம்பல் மாதிரி இருக்கு" என்றார் தாசில்தார்.

"மாதிரி என்ன, சாம்பலேதான். அத்தனையும் அடுப்புச் சாம்பல். காலையில ஒரு மொறம், சாயந்தரம் ஒரு மொறம். மழையா இருந்தாலும் உடுறதில்ல. கொட்டிக் கொட்டி எங்க வயல முழுங்கிட்டாளுங்க சார். அந்தா கெழக்கால ஒத்தையா நிக்கிதே பனை, எங்க அப்பா காலத்துல அது வரப்புல நின்னுச்சு. இப்ப திடலுக்குள்ள வந்துருச்சு. பனையா நடந்து வந்துச்சு?"

"உங்க அப்பா காலத்துலேருந்தா?"

"அதுக்கு முன்னாடியும் சார். இதோ நீட்டிக்கிட்டு நிக்கிது பாருங்க, இது காத்தாயி வூடு. இவ மாமியா ஒருத்தி இருந்தா, எந்நேரமும் அடுப்பு எரியும். இந்த மூலை அஞ்சலை வூடு. ஒரு வூட்டுச் சாம்பல இன்னொரு வூட்டு எல்லையில கொட்டமாட்டாளுங்க. அவ்வளவு கணக்கு. நானே சின்னப் புள்ளையிலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

அஞ்சலை என் கையை விட்டாள்.

தாசில்தார் சர்வேயர் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க."

"என்னா எழுதப் போறீங்க சார்?" என்றார் காரியக்காரர், இன்னும் மூச்சு வாங்கியபடி.

"நீங்க சொன்னதத்தான். தலைமுறை தலைமுறையா ரெண்டு வேளையும் இங்க அடுப்பு எரியுது. எந்த வீடு யாருதுன்னு உங்களுக்கே தெரியுது."

காரியக்காரர் குடையைப் பார்த்தார். நுனியில் சாம்பல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அறுகம்புல்லில் தேய்த்துத் துடைத்தார்.

"அய்யாவுக்குத் தண்ணி கொண்டாடி" என்றார் அத்தை என்னிடம். கொண்டு வர ஒரு சொம்பு இல்லை. பித்தளை எல்லாம் அக்கரையில். இரண்டு கையையும் குவித்து வாளித் தண்ணீரை ஏந்தச் சொன்னோம். தாசில்தார் குனிந்து குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

கல் வந்த நாள்

தை பிறந்து தண்ணீர் வடிந்த பிறகு சர்வேயர் மறுபடி வந்தார். மனை எங்களுக்கு என்று ஆகிவிட்டது. ஆனால் காரியக்காரர் கடைசியாக ஒரு கோரிக்கை வைத்து அதில் ஜெயித்துவிட்டார். இனிமேல் திடல் வயலுக்குள் ஒரு சாண் நகரக் கூடாது, சுற்றிலும் எல்லைக் கல் நட வேண்டும் என்றார். நியாயம்தானே என்று சர்வேயரும் சம்மதித்தார்.

மாட்டு வண்டியில் கல் வந்தது. எங்கள் சீமையில் கல் ஏது? வெட்டினால் களிமண், இன்னும் வெட்டினால் மணல், அதற்கும் கீழே தண்ணீர். பிள்ளைகள் கல்லைச் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அஞ்சலை அரிவாளைக் கொண்டுவந்து வண்டியிலேயே தீட்டிவிட்டுப் போனாள்.

விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் கல் நட்டார்கள். காரியக்காரர் ஒவ்வொரு கல்லாகக் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிச்சி.

"காத்தாயி, இதோட முடிஞ்சுது ஒன் வெவசாயம். கல்லுக்கு வெளிய ஒரு மொறம் சாம்பல் வுழுந்துது, நேரா தாசில்தார்கிட்டதான் போவேன்."

"வுழாதுங்க ஐயா" என்றார் அத்தை. "நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

அவர் வரப்பில் நடந்து மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவைகூட நின்று திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பூசணி விட்டிருக்கும் சரிவு இதற்குமேல் ஒரு விரல் வளராதே. நாளைக்குச் சின்னத்தம்பிக்குக் கல்யாணமானால் அவன் வீட்டை எங்கே கட்டுவது?

"என்னா அத்தை இப்படி ஒத்துக்கிட்டீங்க?"

அத்தை பூவரசு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து முடித்தார். பிறகு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"சுத்திதான்டி கல்லு போட்டாரு. மேல போடலியே."